கடல்நீர்த் தொட்டி: வீடு மாறும்போது கூட்டிப் போவதா, கொடுத்துவிட்டுப் போவதா?

ஒருவர் எழுதிக் கேட்டிருக்கும் கேள்வி இதுதான்: 300 லிட்டர் கடல்நீர்த் தொட்டி, ஆறு வருடமாக ஓடுகிறது. உள்ளே ஒரு ஜோடி கோமாளி மீன், மஞ்சள் டாங், மாண்டரின் என்று இன்னும் இரண்டு மீன், ஒரு அனிமோன் (கல்லில் ஒட்டி வாழும் பூப்போன்ற கடலுயிர்), டார்ச், மஷ்ரூம், ஸோவா என்று சில கோரல்கள் (பவள உயிர்கள்), 35 கிலோ லைவ் ராக் (நுண்ணுயிர்கள் குடியிருக்கும் துளையுள்ள கல்). வேலை மாற்றலில் 1,800 கிலோமீட்டர் தள்ளிப் போக வேண்டும். சாலை வழியாக மூன்று நாள். கையில் ஆறு வாரம் இருக்கிறது. எடுத்துப் போவதா, எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு அங்கே போய்ப் புதிதாகத் தொடங்குவதா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணங்களைப் பிறகு படித்துக்கொள்ளுங்கள். கண்ணாடித் தொட்டியை அங்கேயே விற்றுவிடுங்கள். டாங்கையும் மாண்டரினையும் அவற்றுக்கேற்ற இடம் பார்த்துக் கொடுத்துவிடுங்கள். கோமாளி ஜோடி, அனிமோன், பிரியமான கோரல்கள் ஆகியவற்றை நம்பிக்கையான ஒரு நண்பர் தொட்டியில் சில மாதம் குடிவையுங்கள். நீங்கள் போய்ச் சேர்ந்து, அங்கே புதுத் தொட்டி நிலைத்த பிறகு அவற்றை வரவழையுங்கள். மூன்று நாள் பயணத்தில் எல்லாவற்றையும் கூடவே கொண்டுபோவது முடியாத காரியமில்லை. நானே ஒரு தடவை செய்திருக்கிறேன். அதனால்தான் வேண்டாம் என்கிறேன்.

எல்லோரும் இதை ‘டேங்கை எடுத்துப் போவதா’ என்று ஒரே கேள்வியாகக் கேட்கிறோம். பிரித்துப் பார்த்தால் கண்ணாடி வேறு, கல்லும் மணலும் வேறு, உயிர்கள் வேறு. மூன்றுக்கும் ஒரே பதில் வராது.

கண்ணாடிதான் இருப்பதிலேயே சுலபம். 120 சென்டிமீட்டர் நீளம், 50 அகலம், 50 உயரம் என்றால் 300 லிட்டர். 10 மில்லிமீட்டர் கண்ணாடி சதுர மீட்டருக்கு 25 கிலோ எடை. கணக்குப் போட்டால் காலித் தொட்டியே கிட்டத்தட்ட 60 கிலோ வருகிறது. கடல்நீர் லிட்டருக்கு சுமார் 1.025 கிலோ, ஆக தண்ணீர் மட்டும் 300 கிலோவைத் தாண்டும். தண்ணீரை இறைத்துவிட்டு, ‘மணலும் கல்லும் அடியில் கிடந்துவிட்டுப் போகட்டும்’ என்று நாலு பேர் சேர்ந்து தூக்குவதைப் பார்த்திருக்கிறேன். சமதளத்தில் உட்கார்ந்திருக்கும்வரை அடிக்கண்ணாடி அந்த எடையைத் தாங்கும். தூக்கும்போது ஒருவர் கை இரண்டு விரற்கடை முன்னால் உயர்ந்தாலும் போதும், அந்த முறுக்கல் அப்படியே சிலிக்கான் ஒட்டில் இறங்கும். அன்றைக்கு ஒழுகாது. பத்து நாள் கழித்து, நீங்கள் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் ஒழுகும்.

ஆறு வருடச் சிலிக்கான், மூன்று நாள் லாரிக் குலுக்கல், புது வீட்டில் எந்தச் சுவருக்குப் பொருந்தும் என்று தெரியாத ஓர் அளவு. இவ்வளவையும் சுமந்துபோய்க் காப்பாற்ற வேண்டிய அளவுக்கு வெறும் கண்ணாடிப் பெட்டியில் ஒன்றும் இல்லை. விளக்கு, ரிட்டர்ன் பம்ப், கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் ஸ்கிம்மர், கன்ட்ரோலர், உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டி சிறிது, மதிப்பு பெரிது. பம்பையும் ஸ்கிம்மரையும் சிட்ரிக் அமிலம் கரைத்த தண்ணீரில் ஒரு மணி நேரம் ஓடவிட்டு, கழுவிக் காயவைத்துக் கட்டுங்கள். சுண்ணாம்பு படிந்தபடியே மூட்டை கட்டினால் அங்கே போய் ரோட்டார் சுற்றாது. தண்ணீர் இறைப்பதற்குக் கால் மணி நேரம் முன்பே ஹீட்டரை அணைத்துவிடுங்கள். சூட்டோடு காற்றில் நின்றால் அதன் கண்ணாடி விரிசல் விடும்.

தொட்டியையும் கொண்டுபோவது என்று முடிவெடுப்பவர்கள் ஒன்றை மட்டும் விடாதீர்கள். புது இடத்தில் வெறும் குழாய்த் தண்ணீரை நிரப்பி முழுதாக இரண்டு நாள் வைத்துப் பாருங்கள். மீன் உள்ளே போவது அதற்கப்புறம்தான்.

அடுத்து கல்லும் மணலும். பழைய தண்ணீரைக் கேன் கேனாகப் பிடித்துப்போனால் சைக்கிள் (அமோனியாவைச் சமாளிக்கும் பாக்டீரியா பெருகக் காத்திருக்கும் காலம்) மிச்சம் என்று ஒரு நம்பிக்கை ரொம்ப நாளாகச் சுற்றுகிறது. அமோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் கல்லின் துளைகளிலும் மணலிலும் ஃபில்டர் ஊடகத்திலும் ஒட்டி வாழ்பவை. தண்ணீரில் மிதப்பவை சொற்பம். பழைய தண்ணீரால் பயனுண்டு, உயிர்களை அடைக்கும் பைக்கும் வாளிக்கும் அதுதான் நல்லது. அதற்கு மேல் ஒரு லிட்டர்கூட வேண்டாம். 300 லிட்டர் புதுக் கடல்நீருக்கு 11 கிலோ உப்பு போதும். 300 கிலோ தண்ணீரைச் சுமப்பதா, 11 கிலோ உப்பைச் சுமப்பதா என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

லைவ் ராக் விஷயம் நேரத்தைப் பொறுத்தது. ஈரச் செய்தித்தாளில் சுற்றி, மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் வைத்தால் ஏழெட்டு மணி நேரம் பெரிய சேதம் இல்லை. மூன்று நாளில் கதை மாறும். பாக்டீரியா ஈரம் இருந்தால் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். கல்லில் குடியிருக்கும் ஸ்பாஞ்ச், குழாய்ப் புழு, கண்ணுக்குத் தெரியாத நூறு ஜந்துக்கள்தான் சாகும். செத்து அழுகி அமோனியா கொடுக்கும். அந்தக் கல்லை மீனோடு அதே நாளில் தொட்டியில் போட்டால், வடிகட்டிக்கொண்டிருந்த பொருளே விஷம் கக்கும் பொருளாகிவிடும். மூன்று நாள் பயணித்த கல்லைத் தனி டிரம்மில் உப்புநீர், ஹீட்டர், பம்போடு சில வாரம் வைத்து, அமோனியா பூஜ்யம் காட்டிய பிறகே பயன்படுத்த வேண்டும். நானாக இருந்தால் 35 கிலோவையும் தூக்க மாட்டேன். நாலைந்து கிலோ நல்ல துளையுள்ள கல்லை மட்டும் எடுத்து, தண்ணீரில் மூழ்கியபடியே வாளியில் பேட்டரி ஏர் பம்போடு கொண்டுபோவேன். புதுக் காய்ந்த கல்லுக்கு அது உறைமோர் மாதிரி.

மணலைக் கொட்டிவிடுங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. முதல் தடவை நான் வீடு மாற்றியது வெறும் ஐந்து மணி நேர தூரம். மூன்று வருட மணலை வாளிகளில் அள்ளி, கழுவாமல், ‘உயிருள்ள மணல் ஆயிற்றே’ என்று அப்படியே புது இடத்தில் கொட்டினேன். தண்ணீர் சேற்றுக் குட்டை போல ஆனது. காலையில் தெளிந்துவிடும் என்று படுத்துவிட்டேன். விடியற்காலையில் மனைவிதான் எழுப்பினார். “என்னங்க, அழுகின முட்டை மாதிரி நாத்தம் வருதே, எங்கிருந்து?” மணலின் அடியில் காற்றுப் புகாத அடுக்கில் இருந்த ஹைட்ரஜன் சல்ஃபைடும், மூன்று வருடம் சேர்ந்த கழிவும் ஒரே இரவில் தண்ணீருக்கு வந்துவிட்டிருந்தன. ஆறு கோடு ராஸ் என்ற மீன் ஒன்று இருந்தது. அதுதான் முதலில் போனது, பிறகு இரண்டு இறால்கள். பயணத்தில் ஒன்றும் சாகவில்லை, போய்ச் சேர்ந்த பிறகு என் கஞ்சத்தனத்தால் செத்தன. புது மணல் வாங்குங்கள். பழைய மணலின் மேல்பரப்பிலிருந்து ஒரு கிண்ணம் எடுத்துத் தூவினால் போதும்.

உயிர்களுக்கு வருவோம். எட்டு மணி நேரத்துக்கும் மூன்று நாளுக்கும் என்ன வித்தியாசம் என்பது, கட்டிய பைக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் விளங்கும். 25 டிகிரி வெப்பத்தில் நன்னீர் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் ஆக்ஸிஜனைக் கரைத்து வைத்திருக்கும். அதே வெப்பத்தில் கடல்நீர் 7 மில்லிகிராமைக்கூடத் தொடாது. மீன் மூச்சுவிட விட ஆக்ஸிஜன் குறைகிறது, கரியமில வாயு ஏறுகிறது, செவுள் வழியாக அமோனியா கசிந்துகொண்டே இருக்கிறது. கரியமில வாயு ஏறுவதால் தண்ணீரின் பிஹெச் (அமில-கார அளவு) 8.2-இலிருந்து 7 பக்கம் இறங்கும். இது ஒரு வகையில் மீனுக்குப் பாதுகாப்பு. பிஹெச் குறைவாக இருக்கும்போது அமோனியாவின் பெரும்பகுதி அமோனியம் என்ற, அவ்வளவு விஷமில்லாத வடிவத்தில் கிடக்கும். அதனால்தான் தொழில்முறையில் சுத்த ஆக்ஸிஜன் நிரப்பி, மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், இரண்டு பங்கு வாயு என்று கட்டிய பையில் மீன் ஒன்றரை நாள்கூடத் தாங்குகிறது.

ஆபத்து பையைத் திறக்கும்போது வருகிறது. கரியமில வாயு பறந்துவிடும், பிஹெச் ஏறும், அதுவரை அடங்கிக் கிடந்த அமோனியா நச்சு வடிவத்துக்கு மாறும். பிஹெச் 7-க்கும் 8.2-க்கும் இடையில் அந்த நச்சுப் பங்கு பத்து மடங்குக்கும் மேல் கூடுகிறது. நெடுந்தூரம் வந்த மீனின் பையைத் திறந்துவைத்து, ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீர் விட்டுப் பழக்குவது நல்ல எண்ணத்தில் செய்யும் கொலை. உள்ளூர்க் கடையிலிருந்து அரை மணியில் வந்த மீனுக்கு அது சரி. நெடுந்தூர மீனுக்குச் செய்ய வேண்டியது வேறு: பைத் தண்ணீரின் உப்பளவு என்ன என்று முன்பே தெரிந்துவைத்து, புதுத் தொட்டியை அதே அளவில் தயாராக வையுங்கள். மூடிய பையை மிதக்கவிட்டு வெப்பம் ஒன்றானதும், திறந்து, மீனைக் கையாலோ கிண்ணத்தாலோ எடுத்து நேரே விடுங்கள். பைத் தண்ணீர் சாக்கடைக்கு.

மூன்று நாள் என்றால் ஒரே பையில் தாக்குப்பிடிக்காது. வழியில் இரண்டு இரவு தங்க வேண்டும், பையை அவிழ்த்து மூடியுள்ள டப்பில் விட வேண்டும், காற்றூட்ட வேண்டும், பாதித் தண்ணீர் மாற்ற வேண்டும், காலையில் மறுபடி பிடிக்க வேண்டும். ஒவ்வொரு பிடிப்பும் ஒவ்வொரு மிரட்டல். நான் செய்த அந்த நெடும்பயணத்தில் இரண்டாவது இரவு விடுதி அறையில், குளியலறைக்குள் இரண்டு டப், பேட்டரி ஏர் பம்ப் இரண்டு. ஓடும் சத்தம் எரிச்சலாக இருந்தது, தூக்கமே வரவில்லை. எப்படியோ கண் அயர்ந்தவன், சத்தம் நின்றுபோனதால் விழித்தேன். மணி மூன்று. இரண்டு பம்பும் ஒரே நாளில் வாங்கிய ஒரே ரக பேட்டரி, ஒரே நேரத்தில் தீர்ந்திருந்தன. மீன்கள் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. மாற்றுப் பேட்டரி காரின் டிக்கியில், எல்லாச் சாமானுக்கும் அடியில். அதைத் தோண்டி எடுக்கும் வரை ஒரு குவளையால் டப் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தது என் மகள். எல்லாம் பிழைத்தன. அந்த வேலையை யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

உங்களிடம் உள்ள ஒவ்வொன்றையும் பார்ப்போம்.

கோமாளி மீன் கெட்டியான உயிர். தொட்டியில் இருபது வருடத்துக்கு மேல் வாழக்கூடியது. ஜோடி சேர்ந்துவிட்டவை வேறு. இவற்றை விட்டுவிட மனசு வராது, விடவும் வேண்டாம்.

மஞ்சள் டாங்கைக் கொடுத்துவிடுங்கள். நிற்காமல் நீந்தும் மீன், ஆக்ஸிஜன் நிறையக் கேட்கும். வாலின் அடியில் இருபக்கமும் கத்தி போல ஒரு முள் உண்டு. பையைக் கிழிக்கும், வலையில் மாட்டிக்கொள்ளும். (எந்தக் கடல் மீனையும் வலையைவிட ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் ஓட்டிப் பிடிப்பது மேல்.) முழு வளர்ச்சிக்கு 300 லிட்டரே அதற்கு நெருக்கடிதான். உங்களைவிடப் பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் போனால் அதற்கு லாபம்.

மாண்டரினைப் பற்றி நான் கேட்க விரும்புவது ஒன்றே ஒன்று: உறைந்த உணவு சாப்பிடுகிறதா? இல்லையென்றால் அது உயிர் வாழ்வது உங்கள் ஆறு வருடக் கல்லில் பெருகியிருக்கும் கோப்பிபாட் என்ற மிகச் சிறிய உயிர்களால். நாள் முழுக்க ஒவ்வொன்றாகக் கொத்திக்கொண்டே இருக்கும். புதுத் தொட்டியில் அந்த அளவு கோப்பிபாட் பெருகப் பல மாதம் ஆகும், அதற்குள் வயிறு ஒட்டிச் செத்துவிடும். பயணத்தில் பிழைத்து, வீட்டில் பட்டினியால் போகும் மீன் இது. முதிர்ந்த தொட்டி, போட்டியில்லாத வீடு, இப்படி ஒருவரைத் தேடுங்கள். ஆறு வாரமும் இதற்கே சரியாக இருக்கலாம்.

அனிமோன்தான் சிக்கல். கால் எனப்படும் தன் அடிப்பகுதியால் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அந்தக் கால் கிழிந்தால் அநேகமாகப் பிழைக்காது. பிய்க்காதீர்கள். சிறு கல்லில் உட்கார்ந்திருந்தால் கல்லோடு எடுத்துவிடலாம், அது அதிர்ஷ்டம். பெரிய கல்லிலோ கண்ணாடியிலோ இருந்தால் காலின் ஓரத்தை விரல் நகத்தால் மெல்ல நெருடிக்கொடுங்கள், நீரோட்டத்தை அடிப்பகுதிக்குத் திருப்புங்கள், கல்லின் மறுபக்கத்தில் ஓர் ஐஸ் கட்டியை வையுங்கள். விடாவிட்டால் நாளைக்கு முயலலாம் என்று விட்டுவிடுங்கள். இதனால்தான் அனிமோனைக் கிளம்பும் நாளுக்கு ஒத்திவைக்கவே கூடாது, இரண்டு வாரம் முன்பே நண்பர் வீட்டுக்குப் போய்விட வேண்டும். கட்டும்போது அதற்குத் தனிப் பை. மீனோடு சேர்த்துப் போட்டு, வழியில் அது நொந்துபோனால் பையிலுள்ள அத்தனையும் போய்விடும்.

கோரல்களில் மஷ்ரூமும் ஸோவாவும் எதையும் தாங்கும். டார்ச் அப்படியில்லை. உள்ளே கூர்மையான சுண்ணாம்பு எலும்பு, வெளியே மெல்லிய சதை. குலுக்கலில் தன் எலும்பிலேயே சதை கிழியும். தெர்மாகோல் துண்டில் தலைகீழாகப் பொருத்தி, பைக்குள் தொங்கும்படி மிதக்கவிட்டால் எதிலும் இடிக்காது. ஸோவாவைக் கல்லிலிருந்து சுரண்டும்போது கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். சிலவற்றில் பாலிடாக்ஸின் என்ற கடும் நஞ்சு இருக்கிறது. அந்தக் கல்லைச் சுத்தம் செய்கிறேன் என்று வெந்நீர் ஊற்றவோ வேகவைக்கவோ கூடாது. அதன் ஆவியை மூச்சில் இழுத்தவர்கள் குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போயிருக்கிறார்கள். வீடு காலி செய்யும் அவசரத்தில்தான் இப்படிப்பட்ட காரியம் நடக்கும்.

உங்களிடம் இல்லை, ஆனால் படிக்கும் வேறு யாரிடமாவது இருக்கும் என்பதற்காக: பெட்டி மீன் மிரண்டால் தோலிலிருந்து நஞ்சு விடும், அதைத் தனியாகத்தான் கட்ட வேண்டும். பேத்தை மீனைத் தண்ணீருக்கு வெளியே தூக்காதீர்கள். காற்றை விழுங்கி ஊதிவிட்டால் அதை வெளியேற்ற முடியாமல் திணறும்.

பயண தூரத்துக்கு என் கணக்கு இது. வாசலிலிருந்து வாசலுக்கு எட்டு மணி நேரத்துக்குள் என்றால், யோசிக்காமல் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். நடுவில் ஓர் இரவு தங்க வேண்டும் என்றால், கூட ஒரு ஆளும், போய் இறங்கும் இடத்தில் ஓடிக்கொண்டிருக்கும் தற்காலிகத் தொட்டியும் இருந்தால் மட்டும். இரண்டு இரவு என்றால் பிரித்துச் செய்யுங்கள். இந்தக் கோடுகளில் நான் பார்ப்பது சாலையைவிட அதன் மறுமுனையைத்தான். பையைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கும்போது உள்ளே மின்சாரம் இருக்குமா? உப்புக் கலந்த, 25 டிகிரிக்குச் சூடான, ஒரு நாளாகச் சுழன்றுகொண்டிருக்கும் தண்ணீர் இருக்குமா? சாமான் லாரி இரண்டு நாள் தாமதம் என்றால் ஹீட்டர் எந்தப் பெட்டியில் இருக்கும்? வாடகை வீடு என்றால் வீட்டுக்காரர் ஒத்துக்கொண்டாரா? கல், மணல், ஸ்டாண்டு, சம்ப் (கீழே வைக்கும் வடிகட்டித் தொட்டி) எல்லாம் சேர்த்தால் அரை டன் வரும். மாடி என்றால் தளம் தாங்குமா என்று விசாரித்தீர்களா? புது வேலையில் முதல் வாரம், காலையும் மாலையும் அமோனியா பார்த்து, பாதி ராத்திரியில் தண்ணீர் மாற்ற உங்களால் முடியுமா? இவற்றில் இரண்டுக்கு ‘தெரியவில்லை’ என்று பதில் வந்தாலே எனக்குப் போதும், கூட்டிப்போக வேண்டாம் என்பேன்.

ஆகவே ஆறு வாரத்தை இப்படிச் செலவிடுங்கள். முதல் இரண்டு வாரம் ஆள் தேட. மாண்டரினுக்கும் டாங்குக்கும் நிரந்தர வீடு, மற்றவைக்குத் தற்காலிக வீடு. இரண்டும் ஒரே ஆளாக இருக்க வேண்டியதில்லை. நண்பரின் தொட்டி உப்பளவு, வெப்பம் ஆகியவற்றைக் கேட்டு, உங்கள் தொட்டியை ஒரு வாரத்தில் மெதுவாக அதற்குக் கொண்டுவாருங்கள். குடியிருக்கும் உயிருக்கு என்ன தீனி, எத்தனை வேளை, எது எதோடு சண்டை போடும் என்று ஒரு தாளில் எழுதிக்கொடுங்கள். இடையில் ஒன்று செத்தால் யாரும் யாரையும் குறை சொல்வதில்லை என்பதையும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். நட்பு மீனைவிட நீண்ட நாள் வேண்டும். மூன்றாம் நான்காம் வாரத்தில் அனிமோனும் கோரல்களும் போகட்டும். மீன்கள் கடைசியாக. பிடிப்பதற்கு இரண்டு நாள் முன்பே தீனியை நிறுத்துங்கள், வெறும் வயிறு பையில் அமோனியாவைக் குறைக்கும். கற்களை முழுதும் வெளியே எடுத்தபிறகே மீன் பிடியுங்கள். கல்லை வைத்துக்கொண்டு துரத்தினால் நீங்களும் களைப்பீர்கள், மீனும் களைக்கும்.

நாட்டு எல்லை தாண்டும் மாற்றல் என்றால் இவ்வளவு யோசனையே தேவையில்லை, கொடுத்துவிடுங்கள். கல் கோரல்கள், ராட்சதச் சிப்பிகள், கடல் குதிரைகள் எல்லாம் காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை. ஏற்றுமதிக்கு அனுமதிப் பத்திரம் வேண்டும், பல நாடுகள் இறக்குமதிக்கும் தனியாகக் கேட்கும். லைவ் ராக்கிலும் பெரும்பகுதி கோரல் எலும்புதான், அதற்கும் கேள்வி வரும். வீட்டுச் சாமானோடு சேர்த்து அனுப்பும் சமாச்சாரம் இல்லை.

யாரும் வாங்கிக்கொள்ளவில்லை என்பதற்காகக் கடலில் விட்டுவிடும் யோசனை மட்டும் வரக்கூடாது, சம்பில் வளரும் பாசி உட்பட. கவ்லெர்ப்பா டாக்ஸிஃபோலியா என்ற அலங்காரப் பாசி 1984-இல் மொனாக்கோவின் கடலாய்வு அருங்காட்சியகத்துக்கு அருகே கடலில் ஒரு சிறு திட்டாகத்தான் தென்பட்டது. பிறகு மத்தியதரைக் கடலில் பல நாடுகளின் கரையோரம் பரவிவிட்டது. அதே பாசி 2000-இல் கலிஃபோர்னியாவில் தலைகாட்டியபோது அங்கே தார்ப்பாய் போட்டு மூடி குளோரின் செலுத்தி அழித்தார்கள்.

கொடுத்துவிடுவது துரோகம் போலத் தோன்றுகிறது என்று எழுதியிருந்தீர்கள். ஜான் டாலியெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1828-இல் கடற்கரைப் பாறையிலிருந்து ஓர் அனிமோனை எடுத்துவந்து ஜாடியில் வளர்த்தார். அவர் 1851-இல் இறந்துபோனார். அனிமோன் இறக்கவில்லை. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு என்று மாறிக்கொண்டே 1887 வரை வாழ்ந்தது. ‘பாட்டி’ என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். வைத்திருந்தவர்கள் செய்ததெல்லாம் வேளாவேளைக்குக் கடல்நீர் மாற்றித் தீனி கொடுத்ததுதான். உங்கள் மாண்டரினுக்கும் இப்போது தேவை அப்படி ஒரு கைதான்.

இனி, அங்கே போன பிறகு. புதுத் தொட்டியில் காய்ந்த கல், நீங்கள் கொண்டுபோன நாலு கிலோ ஈரக் கல், புது மணல், 1.025 ஒப்படர்த்தியில் தண்ணீர். பொதுவாக நாலு முதல் ஆறு வாரத்தில் சைக்கிள் முடியும். அமோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் என்று டெஸ்ட் கிட் காட்டியதும் ஃபோனை எடுத்து நண்பரை அழைத்துவிடாதீர்கள். கொஞ்சம் அமோனியாவை நீங்களே ஊற்றி, 24 மணி நேரத்தில் மறுபடி பூஜ்யத்துக்கு வருகிறதா பாருங்கள். அதற்குள் மணல், கண்ணாடி எல்லாம் பழுப்புப் பாசி படர்ந்து தொட்டி அசிங்கமாக இருக்கும். அது டையாட்டம், தானே வந்து தானே போகும். அது போன பிறகு முதலில் கோமாளி ஜோடியை, ஒரே இரவில் வந்துசேரும் கூரியரிலோ விமானச் சரக்கிலோ, ஆக்ஸிஜன் நிரப்பிய இரட்டைப் பையில், தெர்மாகோல் பெட்டியில் வரச்சொல்லுங்கள். கொளுத்தும் வெயிலோ கடுங்குளிரோ இல்லாத வாரமாகப் பாருங்கள். வார நடுவில் அனுப்பச் சொல்லுங்கள், வெள்ளிக்கிழமை கிளம்பிய பெட்டி திங்கள்வரை கிடங்கில் கிடக்கும். அவை ஒரு மாதம் நன்றாகச் சாப்பிட்டுத் திரிந்தால் மஷ்ரூம், ஸோவா. அதற்கும் அடுத்து டார்ச். அனிமோன் கடைசி, நாலைந்து மாதம் ஓடிய தொட்டிக்குத்தான். அதுவரை கோமாளிகள் பம்பின் மூலையைக் கட்டிக்கொண்டு தூங்கும். பார்க்கப் பாவமாக இருக்கும், அவற்றுக்கு ஒன்றும் ஆகாது.